ஏழாவது கட்டத்தில் இடம் போதவில்லை

மொந்தேவிதேயோவிலிருந்து படிவம் வந்திருக்கிறது.
வெள்ளிக்கிழமைக்குள் போய்ச் சேராவிட்டால்
இரண்டாம் பிரிவில் நாங்கள் இல்லை.
செயலாளர் எல்பியோ மார்ச்சிலேயே கம்பி நீட்டிவிட்டான்,
முத்திரையையும் தூக்கிக்கொண்டு.
சட்டை துவைக்கிற என்னிடம்தான் அறைச் சாவி,
ஆகவே பேனாவும்.

கழகத்தின் பெயர்: செனிசா அத்லெத்திகோ.
இதுவரை சிக்கல் இல்லை.

தொடங்கிய ஆண்டு?
கேடயத்தில் 1913 என்று செதுக்கியிருக்கிறது.
ஆனால் அதற்கு இரண்டு வருடம் முன்பே
இறைச்சி ஆலையின் குளிர் அறையில் பதினான்கு பேர்
கால் மரத்துப்போகாமலிருக்க
சாக்கு சுற்றிய கொழுப்பு உருண்டையை உதைத்திருக்கிறார்கள்.
மேலாளர் பார்த்தார். அரைநாள் கூலியைப் பிடித்தார்.
பிடித்ததற்கு ரசீது இருக்கிறது, தேதியோடு, ஜூலை 1911.
எங்கள் முதல் ஆவணம் ஓர் அபராதம்.
1911 என்றே எழுதினேன்.

நிறம்.
சிவப்புச் சட்டைதான் கேட்டார்கள்.
படகில் மழை; சாயம் இறங்கி
காலர்வரை வெந்தும் வேகாத ஒரு ரோஸ்.
திருப்பி அனுப்பக் காசில்லை.
மற்ற ஊர்க்காரர்கள் "கசாப்புத் துண்டு" என்று கத்துவார்கள்;
இப்போது எங்கள் பிள்ளைகளும் அப்படித்தான் கத்துகிறார்கள், பெருமையாக.
அந்த ரோஸ் தானாக நிற்பதில்லை.
ஆறு சலவைக்கு ஒருமுறை
நான் ஒரு பிடி சாயம் போடுகிறேன்.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

மைதானம்: ஆற்றங்கரை. இருக்கை 2,300.
தெற்குக் கோல் வடக்கைவிட ஒரு முழம் தாழ்வு.
ஐம்பத்தொன்பது வெள்ளத்தில்
ஆலைப் பட்டியிலிருந்து அடித்துவந்த காளை ஒன்று
நேராகத் தெற்குக் கோலில் புகுந்து வலையில் மாட்டியது.
கூரை மேல் உட்கார்ந்திருந்தவர்கள்
ஒரே குரலில் "ஆஃப்சைடு" என்றார்களாம்,
வீடு மூழ்கிக்கொண்டிருக்க.

தொழில்முறை ஆனது: 1964.
முதல் ஒப்பந்தம் ஃபுருக்துவோசோ அல்சுகராய், இடது விங்.
மாதச் சம்பளமும், சனிக்கிழமை தோறும் ஒரு கிலோ நாக்கும்.
சம்பளம் சில மாதம் வரவில்லை.
நாக்கு ஒருமுறையும் தவறவில்லை.

ஏழு: சாதனைகள்.
கோப்பை ஒன்று, 1971.
அடகில் இருக்கிறது. பேருந்துக் கட்டணத்துக்கு வைத்தது.

கட்டம் இரண்டு விரல் அகலம்.
பேனா அங்கேயே நிற்கிறது.

எழுபத்தொன்பது, ஆகஸ்ட், ஞாயிறு.
எனக்குப் பத்தொன்பது வயது, தெற்குக் கோலின் பின்னால்.
அறுபத்தெட்டாம் நிமிடத்தில் ஆலைச் சங்கு ஊதியது.
ஞாயிற்றுக்கிழமை சங்கு ஊதாது.
ஊதியது, நிற்கவே இல்லை,
நீராவி தீரும்வரை ஊதி, இருமி, அடங்கியது.
ஆலை மூடிவிட்டது என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.
கூட்டம் எழுந்து நின்றது. எங்கே போவது?
இருபத்திரண்டு பேரும் நின்றார்கள்.
பந்து தானாகச் சரிவில் உருண்டது.
முப்பத்தெட்டு வயது அல்சுகராய்தான்
அதன் பின்னால் ஓடினான்,
பந்தை நிறுத்தி, திரும்பி, மேட்டில் ஏறத் தொடங்கினான்.
பிறகு எல்லோரும் ஓடினார்கள்.
நடுவர் அழுதுகொண்டே ஊதினார், எதையும் குறிக்கவில்லை.
சம்மேளனத்தின் ஏட்டில் அந்த ஆட்டம் 0–0.

இரண்டு கோல் போட்டோம். இரண்டும் மேட்டை நோக்கி.
நான் பார்த்தேன்.

கோப்பைக்குப் பக்கத்தில், ஓரத்தில்,
சின்ன எழுத்தில் எழுதினேன்: 2–0.

முத்திரை.
எல்பியோ எந்த ஊரில் குத்திக்கொண்டிருக்கிறானோ.
இன்று சாய நாள். கை இன்னும் காயவில்லை.
கட்டைவிரலை அழுத்தினேன்;
கொஞ்சம் ஒழுகியது, ஆனாலும் நிறம் சரிதான்.

தபால் நிலையம் நாலு மணிக்கு மூடும்.
பதினொன்றாம் எண் சட்டையில் பொத்தான் தைக்க வேண்டும்.